டொயோட்டா கொரோலா ஃபீல்டர்: சிறிய காரின் மேல் கட்டிய பெரிய டிக்கி

தலைமுறை மாறும்போது கார்கள் பருப்பதுதான் வழக்கம். 2012 மே மாதம் ஜப்பானில் வெளிவந்த மூன்றாம் தலைமுறை கொரோலா ஃபீல்டர் நேரெதிராக 60 மில்லிமீட்டர் குறுகி, 4,360 மில்லிமீட்டர் நீளத்தில் வந்தது. சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் பழையபடியே 2,600. அகலம் 1,695. ஜப்பானில் ஒரு கார் 4.7 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம், 2,000 சிசி ஆகிய எல்லைகளைத் தாண்டாமல் இருந்தால்தான் 5-இல் தொடங்கும் சிறுவகை நம்பர் பிளேட் கிடைக்கும். ஃபீல்டர் அந்த அகல எல்லைக்கு ஐந்தே மில்லிமீட்டர் உள்ளே நிற்கிறது.

இந்தக் காரின் நல்லதும் கெட்டதும் அந்த ஒரு முடிவிலிருந்துதான் பிறக்கின்றன. பெயர் கொரோலா என்றாலும் அடித்தளம் விட்ஸ் என்ற சிறு ஹேட்ச்பேக் குடும்பத்தின் பி பிளாட்ஃபார்ம். மற்ற நாடுகளில் அதே காலத்தில் விற்ற அகலமான கொரோலாவுக்கும் இதற்கும் பெயர்தான் பொது. சிறிய காரின் எலும்புக்கூட்டின் மேல் ஒரு வேகனின், அதாவது கூரை பின்கதவு வரை நீளும் காரின், டிக்கியைக் கட்டியிருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டு வாங்குபவருக்கு இது அருமையான குடும்ப வண்டி. பெயரைப் பார்த்துவிட்டு பெரிய காரின் கனத்தையும் அமைதியையும் எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

டிக்கி

பின் இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது 407 லிட்டர், இருக்கையை மடித்தால் 872 லிட்டர். இதற்குப் பின்வந்த கொரோலா டூரிங் 4,495 மில்லிமீட்டர் நீளமும் 1,745 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. ஆனாலும் அதன் டிக்கி 392 லிட்டர், மடித்தால் 802 லிட்டர்தான். அதாவது 10 சென்டிமீட்டருக்கு மேல் குட்டையான பழைய வண்டியில் கூடுதல் இடம். டூரிங்கின் பின்பக்கத்தில் சாய்வும் வடிவ அழகும் அதிகம், அடியில் பெரிய சஸ்பென்ஷனும் உட்கார்ந்திருக்கிறது. ஃபீல்டரில் பின்சக்கரங்களை இணைப்பது டார்ஷன் பீம் என்ற எளிய குறுக்குச்சட்டம்தான். அது இடத்தை அடைக்காது. இரண்டு பக்கமும் சக்கர வளைவுகள் அதிகம் உள்ளே துருத்தாது. வாசலும் தாழ்வாக இருப்பதால் கனமான பெட்டியை இடுப்புக்கு மேல் தூக்காமலே உள்ளே தள்ளிவிடலாம்.

பின் இருக்கை 6:4 பிரிவாக மடியும். மேல் தரங்களில் டிக்கியின் பக்கச்சுவரிலேயே நெம்புகோல் இருக்கிறது. இழுத்தால் இருக்கையின் முதுகு தானே விழும், பின்கதவுக்கும் பக்கக் கதவுக்கும் நடக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: முன் இருக்கை பின்னால் தள்ளியிருக்கும்போது நெம்புகோலை இழுத்தால் தலைசாய்ப்பான் அதில் முட்டி, முதுகு பாதியிலேயே நின்றுவிடும். அப்போது மேலிருந்து அழுத்தக் கூடாது, கீல் வளையும். முன் இருக்கையை நகர்த்திவிட்டு மடிக்க வேண்டும்.

எடை விஷயம் இன்னும் முக்கியம். ஜப்பானில் பயணிகள் காரின் மொத்த எடையை, ஒரு ஆளுக்கு 55 கிலோ என்று கணக்கிட்டுப் பதிவுச் சான்றில் எழுதுகிறார்கள். ஐந்து பேருக்கு 275 கிலோ. வளர்ந்த ஐந்து பேர் ஏறினாலே பெரும்பாலும் அந்தக் கணக்கு தாண்டிவிடும். அதற்கு மேல் டிக்கி நிறையப் பெட்டிகள் என்றால் பின்பக்கம் தாழ்ந்து, முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். டிக்கி பெரியதுதான், ஆனால் அது கன அளவுக்காகக் கட்டியது, கனத்துக்காக அல்ல. நான்கு பேரும் அவர்கள் துணிமணியும் என்றால் வண்டி நிறைவாகப் போகும். சிமென்ட் மூட்டை ஏற்றுவதற்கு டொயோட்டாவிடமே ப்ரோபாக்ஸ் இருக்கிறது. அதன் பின்பகுதி அந்த வேலைக்கென்றே உறுதியாக்கப்பட்டது.

மூன்று இன்ஜின், ஒரு ஹைப்ரிட்

2012-இல் இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள். ஒன்று 1.5 லிட்டர் 1என்இஸட்-எஃப்இ, முன்சக்கர இயக்கத்தில் 109 பிஎஸ் (குதிரைத்திறன்), நான்கு சக்கர இயக்கத்தில் 103 பிஎஸ். மற்றது 1.8 லிட்டர் 2இஸட்ஆர்-எஃப்ஏஇ, 140 பிஎஸ். சிவிடி என்ற படியில்லாத் தானியங்கி கியர் பொதுவானது, 1.5 முன்சக்கர வண்டியில் ஐந்து கியர் மேனுவலும் கிடைத்தது. 2015 மாற்றத்தில் முன்சக்கர 1.5-க்கு 2என்ஆர்-எஃப்கேஇ என்ற புதிய இன்ஜின் வந்தது. சக்தி அதே 109 பிஎஸ், ஆனால் அமுக்க விகிதம் 13.5, அட்கின்சன் சுழற்சி, குளிரூட்டிய இஜிஆர் (புகைக்காற்றில் ஒரு பங்கை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் அமைப்பு) என்று எல்லாம் எரிபொருள் சிக்கனத்துக்காக. வெப்பத்திறன் 38 விழுக்காடு என்பது ஹைப்ரிட் அல்லாத சிறு பெட்ரோல் இன்ஜினுக்கு அந்தக் காலத்தில் பெரிய எண்.

2013 ஆகஸ்டில் வந்த ஹைப்ரிட்தான் இந்த வண்டியைப் பரவலாக்கியது. டொயோட்டாவின் சிறு ஹைப்ரிட் காரான அக்வாவில் இருந்த அதே அமைப்பு: 74 பிஎஸ் தரும் 1என்இஸட்-எஃப்எக்ஸ்இ, 61 பிஎஸ் மோட்டார், இரண்டும் சேர்ந்து 100 பிஎஸ். ஜேசி08 என்ற ஜப்பானிய எரிபொருள் சோதனையில் லிட்டருக்கு 33.0 கிலோமீட்டர். அது ஆய்வக எண். சாலையில் மிதமாக ஓட்டினால் 20-க்கும் 25-க்கும் இடையில் கிடைக்கும். குளிர்காலக் குறுந்தூர ஓட்டத்தில் அதற்கும் கீழே இறங்கும், ஏனென்றால் ஹீட்டருக்கு வெந்நீர் வேண்டும் என்று இன்ஜின் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பெட்ரோல் டேங்க் 36 லிட்டர், சாதாரண முன்சக்கர வண்டியில் 42 லிட்டர். ஹைப்ரிட்டில் நான்கு சக்கர இயக்கம் கிடையாது.

இதில் பாராட்ட வேண்டிய வடிவமைப்பு பேட்டரியின் இடம். 7.2 வோல்ட் கொண்ட 20 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டிகள், மொத்தம் 144 வோல்ட், பின் இருக்கைக்கு அடியில் அடங்கிவிட்டன. டிக்கியிலிருந்து ஒரு அங்குலம்கூடப் பறிக்கவில்லை. இந்த ஹைப்ரிட் இன்ஜினில் வெளிப்பக்க பெல்ட்டே இல்லை. தண்ணீர் பம்ப், ஏசி கம்ப்ரஸர் இரண்டுமே மின்சாரத்தில் ஓடுகின்றன. பெல்ட் கீச்சிடுவது, ஆல்டர்னேட்டர் பேரிங் தேய்வது, ஸ்டார்ட்டர் பழுது ஆகியவை இந்த வண்டியின் பழுதுப் பட்டியலில் இல்லை.

1.8 வேண்டுமா என்பது ஓட்டும் இடத்தைப் பொறுத்தது. மலைச்சாலையில் நான்கு பேருடன் அடிக்கடி ஏறுபவருக்கு ஹைப்ரிட்டின் 100 பிஎஸ் திணறும். ஏற்றம் நீண்டால் பேட்டரியின் கையிருப்பு இறங்கி, பாரம் முழுவதும் அந்த 74 பிஎஸ் இன்ஜின்மேல் விழும். சத்தம் உரக்க, வேகம் கூட மறுக்கும். நகரமும் சமவெளியும் என்றால் ஹைப்ரிட்டுக்கு நிகரில்லை.

எந்த ஆண்டு, எந்தத் தரம்

2015-இன் முகமாற்றத்துக்கு முன், பின் என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. மாற்றத்தில் முகப்பு கூர்மையாகி நீளம் 4,400 ஆனது. அதைவிடப் பெரியது, டொயோட்டா சேஃப்டி சென்ஸ் சி என்ற தற்காப்புத் தொகுதி முதன்முதலில் இதன் செடான் வடிவமான கொரோலா ஆக்ஸியோவிலும் ஃபீல்டரிலும்தான் வந்தது. முன்கண்ணாடியின் உச்சியில் ஒரு கேமராவும் லேசர் உணரியும் சேர்ந்த பெட்டி. 10 முதல் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் முன்னால் நிற்கும் வண்டியைக் கண்டு தானே பிரேக் போடும். 50-க்கு மேல் கோடு தாண்டினால் எச்சரிக்கும். இரவில் ஹை பீமைத் தானே தாழ்த்தும்.

அதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த முதல் தொகுதி நடந்துபோகும் ஆளைக் கண்டு நிற்காது, வண்டிகளை மட்டுமே பார்க்கும். முன்வண்டியின் வேகத்துக்கு ஏற்ப ஓடும் க்ரூஸ் கட்டுப்பாடும் இதில் இல்லை. வேக வித்தியாசம் சுமார் 30 கிலோமீட்டருக்குள் இருந்தால் மோதலைத் தவிர்க்கலாம். அதற்கு மேல் போனால் அடியின் வேகத்தைக் குறைப்பதோடு சரி. முன்கண்ணாடி மாற்றிய வண்டியில் கேமராவைச் சரிபார்த்து நிலைநிறுத்தும் வேலை நடந்ததா என்று கட்டாயம் கேட்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியைப் பொருத்திவிட்டு எச்சரிக்கை விளக்கை மட்டும் அணைத்த வண்டிகள் உண்டு. கண்ணாடியின் மேல்விளிம்பில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினாலும் கேமராவின் பார்வை கெடும். 2015 வண்டிகளில் சில தரங்களில் இந்தத் தொகுதி விருப்பத் தேர்வாகவே இருந்தது. ஆண்டை மட்டும் நம்பாமல் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெட்டி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தரங்களில் எக்ஸ் அடிப்படை, ஜி நடுத்தரம், 1.8-க்கு எஸ். ஏரோடூரர் என்று பெயர் சேர்ந்தால் தாழ்ந்த பம்பர் விளிம்புகளும் பக்கப் பாவாடைகளும் வரும். மேடு பள்ளமான சாலைக்கு அது வீண் செலவு, முதல் வேகத்தடையிலேயே உரசும். டபிள்யூ பை பி என்ற தரத்தில் உட்புறம் வெள்ளையும் கறுப்புமாக இருக்கும். பார்க்க நன்றாக இருந்தாலும் குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த வெள்ளை நிலைக்காது. குடும்பத்துக்குச் சரியானது ஹைப்ரிட் ஜி, 2015 அல்லது அதற்குப் பின்.

2019 செப்டம்பரில் கொரோலா டூரிங் வந்த பிறகும் ஃபீல்டர் நின்றுவிடவில்லை. நிறுவனங்களுக்கும் வாடகைக்குமாக இஎக்ஸ் என்ற ஒரே தரத்தில் 2025 அக்டோபர் வரை தொடர்ந்தது. அந்த இஎக்ஸ் வண்டிகள் புதியவை, ஆனால் பெரும்பாலும் பல கை ஓட்டியவை. கிலோமீட்டரும் அதிகம் இருக்கும், டிக்கியின் உள்சுவர்கள் கீறியிருக்கும். ஒரே குடும்பம் ஓட்டிய 2016 ஹைப்ரிட் ஜி அவற்றைவிட மேல்.

ஓட்டும்போது

திரும்பும் ஆரம் 4.9 மீட்டர், 15 அங்குலச் சக்கரத்தில். இவ்வளவு டிக்கி உள்ள வண்டி இவ்வளவு சிறு இடத்தில் திரும்புவது ஓட்டிப் பார்த்தால்தான் நம்ப முடியும். டேஷ்போர்டு தாழ்வு, முன்தூணுக்கு அருகே சிறு முக்கோணக் கண்ணாடி, பின்னால் அகலமான ஜன்னல். வயதானவர்களும் புதிதாக ஓட்டுபவர்களும் அச்சமின்றி நிறுத்துவார்கள்.

குறை சத்தத்தில் இருக்கிறது. கரடான தாரில் டயர் உறுமல் பின் சக்கர வளைவுகள் வழியாக நேரே உள்ளே வரும். வேகனில் டிக்கிக்கும் ஆட்களுக்கும் நடுவே சுவர் இல்லாததால் செடானான ஆக்ஸியோவைவிட இதில் அதிகம் கேட்கும். டயர் மாற்றும்போது 175/65 ஆர்15 அளவில் மென்மையான, சத்தம் குறைந்த வகையைத் தேர்ந்தெடுத்தாலே பாதிக்குப் பாதி சரியாகும். டிக்கித் தரைக்கு அடியிலும் சக்கர வளைவின் உள்பக்கத்திலும் ஒலியடக்கும் தாள் ஒட்டினால் மீதியும் தணியும். காலி வண்டியில் பின்பக்கம் சற்றுத் துள்ளும். இரண்டு பேர் பின்னால் ஏறினால் அமைதியாகிவிடும். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மறுசக்கரமும் அதிர்வதுதான் டார்ஷன் பீமின் இயல்பு, அதைப் பழுது என்று நினைத்து மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம். 'டொக்' என்று தனிச் சத்தம் கேட்டால் மட்டும் பீமின் முன் புஷ்களையும் ஷாக் அப்ஸார்பரின் மேல் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கத்தில் அதே சத்தம் என்றால் பெரும்பாலும் ஸ்டெபிலைஸர் லிங்க். மலிவான சாமான், அரை மணி நேர வேலை.

எது கெடும், ஏன் கெடும்

ஹைப்ரிட்டில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துளை. அது பின் இருக்கையின் பக்கவாட்டில் கீழே இருக்கிறது. கேபினிலிருந்துதான் காற்றை இழுக்கும் என்பதால் நாய் முடி, போர்வை நூல், பிஸ்கட் தூள் எல்லாம் அங்கேதான் போய் அடையும். அடைத்துக்கொண்டால் விசிறி பின் இருக்கைக்கு அடியில் உரக்க இரையும், பேட்டரி சூடாகும், நடுவில் உள்ள கட்டிகளுக்குக் காற்று குறைவாகப் போவதால் அவை முதலில் சோரும். 20-இல் ஒன்று சோர்ந்தாலும் கணினி மொத்தத்தையும் நிறுத்திவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் துளையின் மூடியைக் கழற்றி வெளியிலிருந்து வாக்யூம் வைத்தால் போதும். உள்ளே காற்றடித்து ஊதக் கூடாது. தூசி பேட்டரிக்குள் போய்விடும். நீண்ட பயணத்தில் அந்தப் பக்கம் பையோ தலையணையோ சாய்த்து வைக்காமல் இருப்பதே பேட்டரிக்குச் செய்யும் பெரிய உதவி. வெயிலில் ஏசி இல்லாமல் ஓட்டுவதும் அதற்குக் கேடுதான்.

சோர்ந்த பேட்டரியை ஓட்டும்போதே கண்டுபிடிக்கலாம். திரையில் சார்ஜ் காட்டும் கோடுகள் ஓர் ஏற்றத்திலேயே மளமளவென்று இறங்கி, அடுத்த இறக்கத்திலேயே மளமளவென்று நிறைந்தால் கொள்ளளவு போய்விட்டது என்று அர்த்தம். ஸ்கேனர் போட்டால் பேட்டரி ஜோடி ஜோடியாக வோல்ட் காட்டும். நிற்கும்போது எல்லாம் சமமாகத் தெரியும், அதை நம்பக் கூடாது. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து பாரம் ஏற்றும்போது ஒரு ஜோடி மட்டும் மற்றவற்றைவிட அரை வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் அதுதான் நோயாளி. ஒரு கட்டியை மட்டும் மாற்றிக் கொடுப்பது தற்காலிகம். பழைய கட்டிகளுக்கு நடுவே வலுவான ஒன்றை வைத்தால் சமநிலை கெட்டு சில மாதங்களில் இன்னொன்று விழும்.

இரண்டாவது, இஜிஆர். புகைக்காற்றில் ஒரு பங்கைக் குளிரவைத்து மீண்டும் இன்ஜினுக்குள் விடும் இந்தப் பாதையில் கரி படியும். குளிர்ந்த இன்ஜின் முதலில் கிளம்பும்போது சில விநாடி உலுக்கினால் அலட்சியம் செய்யக் கூடாது. கரி அடைத்தால் சிலிண்டருக்குள் வெப்பம் கூடும், அது தொடர்ந்தால் ஹெட் கேஸ்கட்டில் முடியும். கூலன்ட் ரிசர்வாயர் கசிவே இல்லாமல் குறைகிறது, காலையில் உலுக்கல் இருக்கிறது, இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். அதிக தூரம் ஓடிய வண்டியில் இஜிஆர் வால்வு, கூலர், இன்டேக் மேனிஃபோல்டு மூன்றையும் கழற்றிக் கழுவுவது வீண் செலவல்ல.

மூன்றாவது, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் இன்வெர்ட்டருக்குத் தனி கூலன்ட் வட்டமும் தனி மின்பம்பும் உண்டு. வண்டி கிளம்பத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரியும்போது அந்தச் சிறு ரிசர்வாயரின் மூடி வழியே பார்த்தால் திரவம் அசைய வேண்டும். அசையவில்லை என்றால் பம்ப் செத்துவிட்டது. சில நிமிட ஏற்றத்தில் இன்வெர்ட்டர் சூடாகி வண்டி நின்றுவிடும். பம்ப் சிறிய சாமான், இன்வெர்ட்டர் பெரிய செலவு. இளஞ்சிவப்பு சூப்பர் லாங் லைஃப் கூலன்ட்டைத்தான் ஊற்ற வேண்டும். இன்ஜின் பக்கத்தில் முதல் மாற்றம் 1,60,000 கிலோமீட்டர் அல்லது 7 ஆண்டு, அதன் பின் 80,000 அல்லது 4 ஆண்டு. தண்ணீர் மட்டும் ஊற்றி நிரப்பிய வண்டியில் அலுமினிய வழிகள் அரித்திருக்கும்.

பிரேக் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதால் முன் பேட்கள் வெகுகாலம் தேயாது. தேயாததே ஒரு தொல்லை: காலிப்பரின் ஸ்லைடு பின்கள் அசையாமல் காய்ந்து இறுகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி, துடைத்து, ரப்பருக்கு உகந்த கிரீஸ் தடவ வேண்டும். கதவைத் திறந்ததும் பானெட்டுக்குள் ஒரு சிறு மோட்டார் சத்தம் கேட்பது இயல்பு. பிரேக் அழுத்தத்தைத் தயார் செய்கிறது. பிரேக்கைத் தொடாமலே அந்தச் சத்தம் சில விநாடிக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தால் அந்த அழுத்தத்தை உண்டாக்கும் ஆக்சுவேட்டருக்குள் கசிவு இருக்கிறது. இந்த வண்டியில் அதிகச் செலவு வைக்கும் பழுதுகளில் அது ஒன்று. பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஸ்கேனர் வைத்துத்தான் மாற்ற வேண்டும். பழைய முறையில் பெடலை மிதித்துக் காற்றெடுத்தால் உள்ளே காற்று தங்கிவிடும்.

12 வோல்ட் பேட்டரி பானெட்டுக்குள் இல்லை, கேபின் பக்கம் இருக்கிறது. அதனால் வாயுவை வெளியேற்றும் குழாய் பொருத்தக்கூடிய வகையைத்தான் போட வேண்டும். சாதாரணப் பேட்டரியை வைத்தால் ஆட்கள் உட்காரும் இடத்தில் வாயு கசியும். இந்தச் சிறு பேட்டரி தளர்ந்தால் தொடர்பே இல்லாத எச்சரிக்கை விளக்குகள் பல ஒன்றாக எரியும். பயந்துபோய்ப் பெரிய பேட்டரியைக் கழற்றும் முன் இதன் வோல்ட்டைப் பாருங்கள்.

பெட்ரோல் வண்டியின் நோய்கள் குறைவு. 1என்இஸட்-எஃப்இ உழைப்பாளி, டைமிங் செயின், பெல்ட் மாற்றும் செலவில்லை. ஃபில்டரோடு ஆயில் 3.7 லிட்டர், 0டபிள்யூ-20. ஆயிலை நிறைத்துவிடுவதும் குறைத்துவிடுவதும் இரண்டுமே தவறு, டிப் ஸ்டிக்கில் மேல் புள்ளியைத் தாண்டக் கூடாது. தண்ணீர் பம்பின் கீழே இளஞ்சிவப்புப் படிவு தெரிந்தால் கசிவு தொடங்கிவிட்டது. டி-யில் பிரேக் பிடித்து நிற்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால் முதலில் இன்ஜின் மவுன்ட்டைப் பாருங்கள், சிவிடியைக் குற்றம் சொல்லாதீர்கள். சிவிடிக்கு எஃப்இ என்று குறித்த திரவம் மட்டுமே. வேறு எதை ஊற்றினாலும் கிளம்பும்போது உதறும். மட்டத்தைக் குச்சியால் அளக்க முடியாது, திரவம் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது வழிதுளை வழியாகத்தான் சரிபார்க்க வேண்டும். வீட்டில் செய்யும் வேலை இது அல்ல. சக்கர நட்டுக்கு 103 நியூட்டன் மீட்டர். காற்று இயந்திரத்தால் கண்டபடி முறுக்கினால் அடுத்தமுறை போல்ட் அறுந்து வரும்.

ஏலத்தாளைப் படிப்பது

ஜப்பானிய ஏலத்திலிருந்து வரும் பழைய வண்டி என்றால், அதன் நிலைக்கு மதிப்பெண் போட்டு எழுதிய ஏலத்தாளை மூலப்பிரதியாகக் கேட்டு வாங்குங்கள். 4.5, 4 என்பவை நல்ல நிலை; 3.5-உம் விலைக்குத் தகுந்தால் ஏற்கத்தக்கது. ஆர், ஆர்ஏ என்றால் உடற்கூட்டில் அடிபட்டுச் சரிசெய்தது. வரைபடத்தில் ஏ கீறல், யு பள்ளம், டபிள்யூ சரிசெய்த தடம், எஸ் துரு, எக்ஸ்எக்ஸ் மாற்றிய பாகம்; பக்கத்தில் உள்ள எண் கூடக்கூடச் சேதமும் கூடும். டிக்கிக் கதவிலோ பின் பேனலிலோ எக்ஸ்எக்ஸ் இருந்தால் தரை விரிப்பைத் தூக்கி, உதிரிச் சக்கரக் குழியின் ஓரத்தில் வெல்டிங் சீராக இருக்கிறதா, பெயின்ட் நிறம் ஒன்றுதானா என்று பாருங்கள். வேகனில் பின்னிருந்து வாங்கிய அடி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

நான்கு சக்கர இயக்க வண்டிகள் பெரும்பாலும் பனி நாட்டுப் பகுதிகளில் ஓடியவை. அங்கே சாலையில் உப்புத் தூவுவார்கள். மேலே பளபளப்பாக இருக்கும், கீழே பின் பீமும் எரிபொருள் குழாய்களும் எக்ஸாஸ்ட்டும் செதில் செதிலாக உரியும். ஜாக்கியில் தூக்கிப் பார்க்காமல் அத்தகைய வண்டிக்கு முன்பணம் தராதீர்கள். பனி இல்லாத இடத்தில் ஓட்டப் போகிறவருக்கு நான்கு சக்கர இயக்கத்தால் எடையும் செலவும்தான் மிச்சம்.

பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விற்பவர் சூடாக்கி வைத்திருந்தால் மேலே சொன்ன உலுக்கல் தெரியாது. வானொலி ஜப்பானின் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும் அலைவரிசைக்கானது, நாவிகேஷன் திரை ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். திரையை மாற்றும்போது பின் கேமராவின் இணைப்பு துண்டிக்கப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு மாற்று

நேரடிப் போட்டி ஹோண்டா ஷட்டில். அதே 1,695 அகலம், 4,400 நீளம். ஆனால் பெட்ரோல் டேங்க்கை முன் இருக்கைகளுக்கு அடியில் வைத்திருப்பதால் தரை இன்னும் தாழ்வு. தரைக்கு அடியில் உள்ள குழியையும் சேர்த்து ஹைப்ரிட்டில் 570 லிட்டர், மடித்தால் 1,141. இடம் ஒன்றே அளவுகோல் என்றால் ஷட்டில்தான் வெல்லும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் ஹைப்ரிட்டில் 7 வேக இரட்டை கிளட்ச் கியர்பெட்டி இருக்கிறது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது அது உதறும், பழுதானால் அதைச் சீராக்கத் தெரிந்த கைகள் குறைவு. ஃபீல்டரின் ஹைப்ரிட்டில் கிளட்ச்சும் இல்லை, மாறும் கியரும் இல்லை. சாமான்கள் பல அக்வாவோடு பொது என்பதால் கிடைப்பதும் எளிது. பத்து ஆண்டு வைத்து ஓட்டப் போகிறவர் ஃபீல்டரை எடுக்கலாம்.

மூன்று இருக்கை வரிசை தேவைப்படுபவருக்கு இது பொருந்தாது. பின் இருக்கையில் மூன்று குழந்தை இருக்கைகளை அருகருகே வைக்கவும் 1,695 மில்லிமீட்டர் அகலம் போதாது. இரண்டு குழந்தை இருக்கை, நடுவில் ஒரு பை, பின்னால் மடித்த தள்ளுவண்டி, அதற்கு மேல் வார மளிகை: இந்த அளவுக்குத்தான் ஃபீல்டர் கட்டப்பட்டிருக்கிறது.